வெள்ளைப் பூவும் டாப் மாடலும்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தக் கதை. கேட்டு முடிக்கும்வரை மட்டும் வாயைத் திறக்க வேண்டாம்.

பழனி மலையின் கீழ்ச்சரிவில் ஊசிப்பாறை என்று ஓர் ஊர். அங்கே வீரணன் என்கிற வாழைத் தோட்டக்காரர். மனைவி இல்லை. மகன் தங்கமாயன், மகள் நாகஜோதி. தோட்டங்களில் வெட்டிய தார்களை ஜீப்பில் ஏற்றி அடிவாரத்து லாரியில் சேர்ப்பது தங்கமாயனின் பிழைப்பு. அந்த ஜீப்புக்கு வயதாகிவிட்டது. மேடு வந்தால் அழ ஆரம்பித்துவிடும். அதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுப்பது என்று முடிவானது.

எந்த வண்டி என்பதில் சண்டை இல்லை. பேஸ் மாடலா, டாப் மாடலா என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. எஞ்சின் ஒன்றுதான், மலை ஏறுவதும் ஒன்றுபோலத்தான். பேஸ் மாடலில் பின்பக்கம் வெறும் தகரத் தரை. தார் ஏற்றலாம், சேறானால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். டாப் மாடலில் மெத்தை இருக்கை, தரைக்கு விரிப்பு, தொட்டால் பாடும் திரை. இந்த மினுக்கலையெல்லாம் விட்டுத் தள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் அதில் மட்டும்தான் வருகிறது. கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை.

நாகஜோதிக்கு அதுதான் வேண்டும். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததில் அவளுடைய இடது கால் விளங்காமல் போயிற்று. கம்பு ஊன்றித்தான் நடப்பாள். மருந்தாளுநர் படிப்பு முடித்தவளுக்கு அடுத்த மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது, தங்க வீடும் அமையவில்லை. அத்தை மகனின் காரில் பழகி, ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்ட லைசன்ஸும் வாங்கி வைத்திருந்தாள். குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் வேலை கையைவிட்டுப் போய்விடும்.

“பேஸே எடுப்போம். ஜோதிய தெனமும் நான் கொண்டுபோய் விடுறேன்” என்றான் தங்கமாயன்.

“தார் வெட்டுற அன்னிக்கு லாரி உனக்காக நிக்குமாண்ணே?” என்று கேட்டாள் அவள்.

நிற்காது என்று அவனுக்கும் தெரியும்.

வீரணனும் மகன் பக்கம்தான். “வண்டி பகல் பூரா ஒன் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா, அண்ணன் எதுல லோடு அடிப்பான்? ஒன் சம்பளத்துல நாங்க உக்காந்து திங்கவா தாயி?” என்றார். அதையும் தப்பென்று சொல்லிவிட முடியாது.

கடைசியில் நாகஜோதி, “அப்ப அம்மங்கிட்டப் பூக் கேளுங்கப்பா” என்றாள்.

பூக் கேட்பது அந்த ஊர் வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வேண்டிக்கொள்கிறவர் கட்டித் தர, அம்மன் காலடியில் வைத்து வேறொருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வந்த பூவை மீறினால் குடும்பம் விளங்காது என்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் அம்மனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வீரணனுக்கு இந்தப் பயம் ஊராரைவிடக் கூடுதல். வெள்ளை வந்தால் பேஸ், சிவப்பு வந்தால் டாப், அதற்குமேல் பேச்சில்லை என்று மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள்.

கோயில் பாறை உச்சியில் இருக்கிறது. படிகள் செங்குத்து. ஏற முடியாத நாகஜோதி கீழே ஜீப்பில் தனியாக உட்கார்ந்து பொட்டலங்களைக் கட்டினாள். இரண்டிலும் சிவப்பையே வைத்துக் கட்டியிருந்தால் கேட்பார் யார்? அவள் அப்படிச் செய்யவில்லை. ஒன்றில் வெள்ளையும் ஒன்றில் சிவப்பும் வைத்துக் கட்டி, அண்ணன் கையில் கொடுத்தாள்.

மேலே பூசாரி இல்லை. வீரணன் ஒரு பொட்டலத்தை எடுத்து, மகனுக்கு முதுகைக் காட்டியபடி பிரித்தார். வெள்ளை. அவர் ஆசைப்பட்ட பூதான். ஆனால் சந்தோஷம் வரவில்லை. கீழே காத்திருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலடியில் குவிந்து கிடந்த பூக்களோடு அதையும் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“செவப்புடா” என்றார்.

மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சுனையில் விடுவது முறை. தங்கமாயனுக்கு மனசு கேட்கவில்லை. சுனையோரம் போய்ப் பிரித்தான். அதிலும் சிவப்பு. ஒன்று, அப்பா பொய் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால், தங்கை இரண்டிலும் சிவப்பைக் கட்டியிருக்க வேண்டும். அப்பா அம்மன் சந்நிதியில் பொய் சொல்வார் என்று அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பூவைத் தண்ணீரில் போட்டான். படியிறங்கி வந்து, “அம்மன் ஒன் பக்கந்தான் ஜோதி” என்று மட்டும் சொன்னான்.

டாப் மாடல் வந்தது. நாகஜோதி தானே ஓட்டிப்போய் வேலையில் சேர்ந்தாள். தங்கமாயன் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குத் தார் சுமக்கப் போனான்.

மகள் நேர்மையாகப் பூக் கட்டினாள். தகப்பன் அவளுக்காகப் பொய் சொன்னார். அண்ணன் பிழைப்பை இழந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நாகஜோதி செய்தது மட்டும்தான் சரி. வீரணன் பாசத்தில்தான் பொய் சொன்னார், ஆனால் அந்தப் பொய்யின் பழி மகள் தலையில் போய் விழும் என்று யோசிக்கவில்லை. அவளுக்கு வண்டியைக் கொடுக்க நினைத்தவர், கொடுக்கிறேன் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கலாம். தங்கமாயனின் பொறுமை பெரிதுதான், ஆனால் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்காமலே தங்கையைக் குற்றவாளி ஆக்கிவிட்டான். காலையில் அவள் வண்டியை எடுக்கும்போதெல்லாம், போகட்டும், மன்னித்துவிட்டோம் என்று அவன் மனதைத் தேற்றிக்கொள்கிறான். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர், அவன் பக்கத்திலேயே நின்று அவளுக்குக் கையசைத்துக்கொண்டிருக்கிறார்.