கடைசித் துண்டு

கல்யாண வீடுகளில் ஆயிரம் பேருக்குச் சமைத்த கைலாசநாதன், ஐம்பத்திரண்டு வயதில் சுவீடனுக்கு வந்து ஒரே ஒரு கேக்குக்காகப் படபடத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அங்கே வாய்த்த குரு யசோதரா. யாழ்ப்பாணத்துப் பெண், அவரைவிடப் பதினாறு வயது இளையவள். ஊமியோ நகரில் ஓர் அலுவலகத்தின் சமையலறை அவள் பொறுப்பில் இருந்தது. ஆறு மாதமாக அவரை மாவு பிசையவும் தட்டுக் கழுவவும்தான் விட்டாள். நேற்றுத்தான் மனம் இரங்கினாள்.

“நாளைக்கு மூண்டு மணிக் கோப்பிக்கு நீங்களே கேக் போடுங்கோ, அண்ணை. சனத்துக்குப் பிடிச்சால் அடுப்பு உங்கட கையில.”

மூன்று மணிக் கோப்பி என்றால் அங்கே சும்மா இல்லை. தலை போகிற வேலையானாலும் போட்டுவிட்டு எழுந்து வருவார்கள். கூடவே ஓர் இனிப்பும் இருந்தாக வேண்டும். கேக்கில் அவர்கள் ஏலக்காய் போடுவதைக் கண்ட அன்றே கைலாசநாதனுக்குப் பாதிக் குளிர் விட்டுப் போயிருந்தது. இன்று குரு சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு இடித்துப் போட்டார். அவளிடம் கேட்கவில்லை, கேட்டால் விடமாட்டாள்.

மேசையில் அவருடைய கேக். பக்கத்துத் தட்டில் யசோதரா சுட்ட பிஸ்கற்.

மூன்றேகாலுக்குச் சமையலறைக் கதவிடுக்கால் எட்டிப் பார்த்தார். ஒரு துண்டுதான் மிச்சம்! மனுசன் துள்ளாத குறை. அதையும் யாராவது எடுத்துவிட்டால் வெற்றி.

மூன்றரைக்குப் பார்த்தார். அரைத் துண்டு கிடந்தது.

நாலு மணிக்கு நகத்தளவு. ஆனால் கிடந்தது.

“என்ர கிடாரத்தில ஒரு பருக்கை மிஞ்சினதில்லை!” அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “இந்த நகத்தளவை விழுங்க ஒருத்தருக்கும் மனமில்லையே. ஏலக்காய் கூடிப் போச்சு. போய் எடுத்துவந்து கொட்டுறன்.”

பின்னால் வந்து நின்ற யசோதரா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பொறுங்கோ அண்ணை. அங்க பாருங்கோ.”

பருத்த மனிதர் ஒருவர் கோப்பையோடு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். கத்தியை எடுத்து அந்த நகத்தளவை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியை விட்டுவிட்டு ஓடிப் போனார்.

“இதென்ன கூத்து?”

“கடைசித் துண்டை எடுக்க இந்தச் சனத்துக்கு வெக்கம். பாதியா வெட்டி எடுத்தால் அது கடைசி இல்லைத்தானே.”

கைலாசநாதன் விழித்தார். பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

“அப்ப... பிடிச்சிருக்கோ?”

யசோதரா போய்த் தன்னுடைய தட்டை எடுத்துவந்து அவர் முன் வைத்தாள். ஒரு பிஸ்கற் மிஞ்சியிருந்தது, முழுதாக.

“இதில ஒருத்தரும் கத்தி வைக்கேல்லை, அண்ணை. ஏலக்காய் எவ்வளவு போட்டனீங்கள்? சொல்லுங்கோ, எழுதிக்கொள்ளுறன்.”