கட்டைவிரல்

"அந்த மீனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு மேடம்" என்றார் வைரவன். படகில் ஏறி முகக்கண்ணாடியைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"எந்த மீனுக்கு அண்ணாச்சி?" என்றாள் ஜெனோவா.

"உங்க உளுவைக்குத்தான். நான் ஒண்ணுமே பண்ணல. சும்மா படுத்திருந்தேன். வாலை ஒரு ஆட்டு ஆட்டிட்டு வளைக்குள்ள போயிருச்சு. அது போனதும் இறாலும் உள்ள போயிருச்சு. இப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளிய நம்பி அந்த இறால் எப்படிக் குடும்பம் நடத்துது?"

ஜெனோவா பிளாஸ்க்கைத் திறந்து அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

வைரவன் காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். ஐம்பது வயதுக்கு மேல் கடலுக்கடியில் படம் எடுக்கும் ஆசை வந்து தூத்துக்குடிக்குக் கிளம்பி வந்துவிட்டார். அதைச் சொல்லிக்கொடுக்கும் ஜெனோவா அவரைவிட வெகுவாகச் சின்னவள். ஆனாலும் தண்ணீருக்குள் அவள்தான் குரு.

ஆசையைக் கிளப்பியதும் அவள் எடுத்த ஒரு படம்தான். பவளப்பாறை ஓரத்து மணலில் ஒரு வளை. வாசலில் விரல் நீளத்துக்கு ஒரு உளுவை காவல் நிற்கிறது. பக்கத்தில் ஓர் இறால் மண்ணைத் தள்ளுகிறது. இறாலின் நீண்ட மீசை ஒன்று மீனின் வால்மேல் கிடக்கிறது.

தான் படமெடுத்த கல்யாண ஜோடிகளில் ஒன்றுகூட இப்படி நின்றதில்லை என்று வைரவனுக்கு வருத்தமாகவே இருந்தது. அதே படத்தைத் தானும் எடுத்துவிட வேண்டும்.

"இறாலுக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது" என்றாள் ஜெனோவா. "வீட்டத் தோண்டுதது அது. காவல் நிக்கது மீனு. மீனு வால ஆட்டுனா இறாலு உள்ள போயிரும்."

"சரி. மீன் சும்மா பயந்தா?"

"அப்பவும் உள்ள போயிரும்."

"ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போனா என்ன? நிஜமாவே ஆபத்தா இல்லையான்னு தெரிஞ்சிடுமே."

"கீழ போவும்போது கேட்டுட்டு வாங்க."

அடுத்த முறை வைரவன் கேட்கவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தார். மீன் தனியாக நின்றதைப் பார்த்ததும் அவரையறியாமல் கை நீண்டது. 'மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க' என்று மண்டபத்தில் காட்டுகிற அதே கை.

மாப்பிள்ளை வளைக்குள் போய்விட்டார்.

வெகுநேரம் கழித்து மீன் மட்டும் எட்டிப் பார்த்தது. அதையாவது எடுப்போம் என்று எடுத்தார். படம் நன்றாக வந்திருந்தது. சந்தோஷம் தாங்காமல் ஜெனோவா பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் அவர் கையைப் பிடித்து நேராக மேலே கூட்டிவந்துவிட்டாள்.

"ஏன் மேடம்? இப்பத்தான் நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு."

"நீங்கதான சொன்னீய."

"நான் எங்க சொன்னேன்?"

ஜெனோவா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

வைரவன் நாக்கைக் கடித்துக்கொண்டார். தண்ணீருக்குள் அதற்கு 'பிரமாதம்' என்று அர்த்தமில்லை. 'மேலே போவோம்' என்று அர்த்தம். ஒருவர் காட்டினால் மற்றவர் கேள்வி கேட்காமல் மேலே போக வேண்டும். முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்.

"பழக்கதோஷம் மேடம். கை தவறிக் காட்டிட்டேன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. உங்க கண்ணுல்லாம் சிரிப்பாத்தான் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"ஆமா."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றைக்கே இன்னொரு தப்பும் நடந்தது. மறுபடி இறங்கியபோது கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு மீனைத் தொடர்ந்து பாறையைச் சுற்றிப் போனார். நிமிர்ந்தபோது ஜெனோவாவைக் காணோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் கலங்கலான பச்சைத் தண்ணீர். பயத்தில் மூச்சு இரைத்தது. அவள்தான் தேடிப்பிடித்து மேலே கொண்டுவந்தாள்.

படகில் அவள் காற்றுச் சிலிண்டரின் தோள்பட்டியைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்.

"நாளைக்கு ஒரு கை கேமராவுல இருக்கட்டும். இன்னொரு கை என் தோள்பட்டியில இருக்கணும். விட்டீயன்னா அதோட சரி. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"நாளைய விட்டா அப்புறம் கச்சான் காத்து வந்துரும் சார்" என்றார் படகுக்காரர் சூசை. "தண்ணி கலங்கிட்டுன்னா ஒண்ணும் தெரியாது. படத்துக்கு அடுத்த வருசந்தான்."

மறுநாள் வைரவன் மணலில் படுத்தார். வலக்கையில் கேமரா. இடக்கையில் அவளுடைய தோள்பட்டி. முகூர்த்த நேரத்தில்கூட அவர் இப்படி அசையாமல் இருந்ததில்லை.

உளுவை வந்தது. அவரைப் பார்த்தது. நின்றது.

அதன் பின்னால் மண்ணைத் தள்ளிக்கொண்டு இறால் வந்தது. மண்ணைக் கொட்டியது. ஒரு மீசையை நீட்டி மீனைத் துழாவியது. மீசை இன்னும் வாலைத் தொடவில்லை. இதோ, தொடப்போகிறது. வைரவனின் விரல் பொத்தான்மேல் இருந்தது.

அப்போது இடக்கையில் பட்டி அசைந்தது.

திரும்பிப் பார்த்தார். ஜெனோவாவின் கட்டைவிரல் மேலே பார்த்து நின்றது.

தண்ணீருக்கு மேல் வந்ததும் படகிலிருந்து சூசை எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இப்பத்தான போனீய. படம் கெடச்சிட்டா?"

"இல்ல."

"வரலியா அது?"

"வந்துச்சு. ரெண்டும் வந்துச்சு."

"பொறவு ஏன் எடுக்காம மேல வந்தீய?"

"மேடம் விரலைக் காட்டுனாங்க."

"எதுக்காம்?"

வைரவன் ஜெனோவாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கலையே" என்றார்.

சூசை ஏணியை இறக்கினார்.

"அது கெடக்கட்டும். மொதல்ல அந்தப் பட்டிய விடுங்க சார். தங்கச்சி மேல ஏறணும்லா."