செங்கரட்டு மஞ்சள் போன்றது

வெகு காலத்துக்கு முன் மேழிநாட்டை மாணிக்கசேனன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் பிடிக்காது. மாறாமல் பிடித்திருந்தது ஒன்றுதான்: பவழத்தீவிலிருந்து கப்பலில் வரும் திராட்சை மது.

அந்தத் தீவோடு வாணிப ஒப்பந்தம் செய்துகொள்ள ஏற்பாடானது. வரைவை எழுதியவர் வாணிபத்தைக் கவனித்துவந்த சபாபதி ராயர். அமைச்சர் அம்பலவாணரின் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அரசனின் மனம் குளிர வேண்டும், தீவின் தூதனும் மகிழ வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். பவழத்தீவு மது என்ற பெயரை மேழிநாட்டில் யாரும் தம் சரக்குக்கு வைக்கக் கூடாது. ‘பவழத்தீவு மது போன்றது’ என்றுகூட எழுதக் கூடாது. மேழிநாட்டுப் பொருள்களின் பெயரைத் தீவாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ‘போன்றது’ என்று சேர்த்துக்கொண்டால் குற்றமில்லை.

முத்திரை விழும் முன்பே தீவார் தொடங்கிவிட்டார்கள். மேழிநாட்டில் செங்கரடு என்ற ஊரில் வழிவழியாக வந்த விதையில் விளையும் மஞ்சளுக்குக் கடல் கடந்தும் பெயர் உண்டு. தீவின் மணற்காட்டில் விளைந்த மஞ்சளை மூட்டை கட்டி, ‘செங்கரட்டு மஞ்சள்’ என்று பெரிதாகவும், ‘போன்றது’ என்று எறும்பளவிலும் எழுதி, பாதி விலைக்கு விற்றார்கள். துறைமுக வணிகர்கள் செங்கரட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள்.

பங்குனி மாதம் அவ்வூரில் மஞ்சள் பயிரிடும் பாவாயி அமைச்சரைத் தேடி வந்தாள். விளைந்ததைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு அந்தக் காசையும் சாப்பிட்டுத் தீர்த்தாயிற்று என்றாள். ஊரின் நாற்பது வீட்டிலும் மிஞ்சியிருந்தது விதைமஞ்சள் மட்டும்.

“வைகாசியில நடணுமுங்க. அதையும் வேகவெச்சு வித்தா ஒரு மாசச் சோறு கெடைக்கும். ஆனா வெந்த மஞ்சள் மொளைக்காது சாமி. இன்னும் பதினஞ்சு நாள் தாக்குப் பிடிப்போம்.”

அமைச்சர் யோசித்தார். “ஒப்பந்தத்துக்கு முத்திரை வைக்க நாற்பது நாள் இருக்கிறது. அன்று சபையில் ஒரு வேலை செய்கிறேன். ராயர் வாயைத் திறக்க மாட்டார். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.”

“இன்னைக்கே மகராசாகிட்டச் சொல்ல முடியாதுங்களா?”

“தனியே சொன்னால் மாலைக்குள் மறந்துவிடுவார் அம்மா. சபையில் சொன்னால்தான் நிற்கும்.”

பாவாயி கும்பிட்டுவிட்டுப் போனாள். அமைச்சர் சொன்னது உண்மைதான். நிறைந்த சபையில் ராயர் தலை குனிவதைப் பார்க்க அவருக்கு ஆசை இருந்ததும் உண்மை.

முத்திரை நாளன்று தீவின் தூதன் முன்வரிசையில் இருந்தான். பாவாயியும் கடைசித் தூணருகே வந்து நின்றாள். அரசன் குளித்து அலங்கரித்துக்கொண்டு சாவகாசமாக வந்தபோது, சிங்காதனத்தில் வேறொருவன் அமர்ந்திருந்தான். அட்டைக் கிரீடம், ஒட்டுமீசை. ராயர் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே மூன்று முறை வணங்கி, இன்று முகத்தில் ஒரு தனிக் களை என்று புகழ்ந்தும் வைத்திருந்தார்.

“யாரிவன்?” என்றான் அரசன்.

“கூத்தில் ராஜா வேடம் கட்டும் செம்பன். அரசர் போன்றவர், பிரபு,” என்றார் அமைச்சர்.

“என் ஆசனத்தில் உட்கார இவனுக்கு என்ன துணிச்சல்?”

“அரசர் என்று சொல்லி உட்கார்ந்தால் தலை போகும். இவன் ‘அரசர் போன்றவன்’ என்று கழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறான். எழுத்து கொஞ்சம் சின்னது. ராயரின் ஒப்பந்தப்படி இதில் குற்றமில்லை.”

விசிறியைக் கீழே போட்ட ராயர், அது மஞ்சளுக்கு எழுதியது, அரசருக்கு அல்ல என்று பதறினார்.

“மதுவுக்கு மட்டும் ‘போன்றது’ கூடாது என்றீரே, ஏன்?”

“அது அரசர் அருந்துவது.”

“மஞ்சளையும் அவர் தினம் சாப்பிடுகிறார், ராயரே. குழம்பில் கரைந்துவிடுவதால் உமக்குத் தெரியவில்லை.”

“ஏன் நிறுத்திவிட்டீர்? விசிறும்,” என்றான் செம்பன், வேடம் கலையாமல்.

சபை சிரித்தது. அரசனும் சிரித்தான், பிறகு ராயரைப் பார்த்தான், சிரிப்பு நின்றது. இத்தனை நாள் அவர் வணங்கியது தன்னையா, நாற்காலியையா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எழுதுகோலை வாங்கி அந்த விதிவிலக்கைத் தன் கையாலேயே அடித்தான். தன் மதுவின் பெயர் நிலைத்தால் போதும் என்று தூதன் தலையசைத்தான். அமைச்சருக்குப் பட்டுச் சால்வை. ராயருக்குத் துறைமுகத்தில் மூட்டைகளின் பெயரைச் சரிபார்க்கும் வேலை.

பிறகு, மஞ்சளுக்காக முறையிட்டது யார் என்று அமைச்சரிடம் கேட்டு, அவளை அழைக்கச் சொன்னான். “இனி உங்கள் மஞ்சளின் பெயரை எவனும் தொட முடியாது. சந்தோஷம்தானே?”

“சந்தோஷமுங்க,” என்றாள் பாவாயி. “வெதை மஞ்சளைப் பத்து நாளைக்கு முன்ன வேகவெச்சுட்டோம்.”

“எல்லா வீட்டிலுமா?”

“கடைசியா எங்க வீட்டுலங்க.”

வேற்று நாட்டிலிருந்து வண்டி வண்டியாக விதை வரவழைப்பதாக அரசன் சொன்னான். உண்மையாகவே சொன்னான். பாவாயி கேட்டுக்கொண்டாள். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினாள்.

“வரட்டுங்க, நட்டுக்கறோம். அதுல வெளையற மஞ்சளுக்கு நாங்க என்ன பேரு எழுதறதுன்னு மட்டும் சொல்லுங்க சாமி.”

அம்பலவாணர் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்துக்கொண்டார்.

ஒப்பந்தம் ஒழுங்காக நடந்தது. தீவார் தங்கள் மூட்டைகளிலிருந்து செங்கரட்டின் பெயரை அழித்தார்கள். செங்கரட்டில் வேற்று நாட்டு விதை நன்றாகவே விளைந்தது. அந்த மூட்டைகளில் ‘மஞ்சள்’ என்று மட்டும் எழுதச் சொன்னாள் பாவாயி. துறைமுகத்தில் ராயர், வருகிற மூட்டையையும் போகிற மூட்டையையும் ஒன்றுவிடாமல் திருப்பிப் பார்த்தார். காக்கச் சொன்ன பெயர் எதிலும் இல்லை.