அரசனுக்கு முன் உண்டவன்

நம் பாட்டனுக்குப் பாட்டனும் பிறவாத காலம். மருதாபுரியை வச்சிரசேனன் என்றோர் அரசன் ஆண்டு வந்தான். வீரன்தான். ஆனால் தன் நிழல் அசைந்தாலும் யார் அசைத்தது என்று கேட்பவன்.

அவனிடம் கண்டன் என்பவன் வேலை பார்த்தான். என்ன வேலை தெரியுமா? அரசன் உண்ணுமுன் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு வாய் உண்ண வேண்டும். நஞ்சிருந்தால் கண்டன் சாவான். இல்லாவிட்டால் அரசன் சாப்பிடுவான். அவ்வளவுதான். அதற்கு மாதம் பத்துப் பொன், ஓட்டு வீடு, பண்டிகைக்குப் பட்டு. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாம் அப்படியொரு மாப்பிள்ளைக்கு ஏங்கினார்கள்.

பதினோராம் வருடம் ஒருநாள் கண்டன் அரசன் முன் கைகட்டி நின்றான்.

"மகாராஜா, எனக்கு விடை கொடுங்கள். கடைத்தெருவில் ஆப்பக்கடை போடப் போகிறேன்."

அரசன் சிரித்தான். உடனே சிரிப்பு நின்றது. பழம் தொங்கும் மரத்தை விட்டுப் பறவை தானாகப் போகுமா? மரத்தில் பாம்பைக் கண்டிருந்தால்தான் போகும். "போய் வா" என்று வாயால் சொன்னான். பின்னாலேயே ஓர் ஒற்றனை அனுப்பினான்.

அன்றே பழைய சமையல்காரர்களை விரட்டினான். புதிதாக வந்தவர்களையும் நம்பவில்லை. கண்முன் சீவிய இளநீரைத் தவிர எதுவும் அவன் தொண்டையில் இறங்கவில்லை.

கடைத்தெருவும் கண்டனை நம்பவில்லை. முதல் நாள் சுட்ட ஆப்பத்தைக் காக்கை தின்றது. இரண்டாம் நாள் சுட்டதை மாடு தின்றது. மூன்றாம் நாள் மாட்டுக்காரன் வந்து மாட்டையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அரண்மனையிலிருந்து துரத்திவிட்டிருப்பார்கள்" என்றாள் பூக்காரி.

"நஞ்சு பழகிய கையம்மா அது" என்றான் எண்ணெய் வாணிகன்.

அன்று அடுப்பை அணைத்தபோது கண்டனின் மனைவி செம்பியே கேட்டுவிட்டாள்: "என்னிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். அரண்மனையில் என்ன தப்புச் செய்தீர்கள்?"

ஊர் பேசியது கண்டனுக்கு வலிக்கவில்லை. இது வலித்தது.

"ஒரு தப்பும் செய்யவில்லை, செம்பி. வேளைக்கு வேளை செத்துப் பிழைத்து அலுத்துவிட்டது."

மறுநாள் அவளே மாவு கரைத்தாள். ஆனால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நடுப்பகலில் கடைமுன் குதிரைகள் வந்து நின்றன. அரசனே இறங்கினான். முகம் வற்றிக் கிடந்தது.

"எவன் எனக்கு நஞ்சு வைக்கப் போகிறான்? சொல்!"

"எனக்குத் தெரிந்து யாருமில்லை, மகாராஜா."

"பிறகு ஏன் போனாய்?"

"நான் ஒரு வாய் உண்டதும் என் முகத்தையே பார்ப்பீர்கள், சாகிறேனா என்று. ருசியாக இருக்கிறதா என்று பதினோரு வருடத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. என் கையால் சுட்டதை நாலு பேர் அச்சமில்லாமல் உண்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். வேறொன்றுமில்லை."

சட்டியில் ஆப்பத்தின் ஓரம் சிவந்தது. அரசனின் தொண்டை ஏறி இறங்கியது.

"ஒன்று கொடு."

கண்டன் இலையில் வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி நீட்டினான்.

"முதலில் நீ தின்."

ஒரு வாய் தின்றால் போதும். உயிரும் தப்பும், கடையும் பிழைக்கும். செம்பி கண்ணால் கெஞ்சினாள்.

"அந்த வேலையை விட்டுவிட்டேன், மகாராஜா" என்றான் கண்டன்.

அரசனின் கை வாளுக்குப் போனது. ஆப்பத்தைப் பார்த்தான். கண்டனைப் பார்த்தான். கூட்டத்தில் நின்ற ஒற்றனைப் பார்த்தான். 'குற்றம் எதுவும் காணவில்லை' என்று ஒற்றன் தலையசைத்தான். அரசன் வாளையும் உருவவில்லை, ஆப்பத்தையும் தொடவில்லை. குதிரையேறிப் போய்விட்டான்.

அரசனின் பரிவாரத்தில் கடைசியாக நடந்து வந்த ஈட்டிக்காரன் ஒருவன் மட்டும் நின்றான். காலையிலிருந்து பட்டினி. இலையை எடுத்தான்.

"ஐயோ, வேண்டாம்!" என்று கத்தினாள் பூக்காரி.

"எங்களுக்கெல்லாம் யாரம்மா தின்று பார்த்துக் கொடுக்கிறார்கள்?" என்றான். தின்றான். விரலை நக்கினான். "அண்ணே, பால் கொஞ்சம் தாராளமாக ஊற்று."

கண்டனுக்குச் சட்டி கலங்கித் தெரிந்தது. செம்பிதான் பாலை ஊற்றினாள்.

பொழுது சாயுமுன் மாவு தீர்ந்துவிட்டது, பூக்காரிக்குக் கிடைக்கவில்லை. அரண்மனையிலோ, அரசன் தனக்கு முன் உண்ண நான்கு பேரை வைத்தான். நால்வரையும் நம்பாமல் ஐந்தாமவனைத் தேடிக்கொண்டிருந்தான்.

நேர்மையாக எடுத்த முடிவிலும் சூது தேடுகிறவன் விருந்தின் நடுவிலும் பட்டினி கிடப்பான்.