சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் பாலம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். காதுதான் கொஞ்சம் இளகின காது. காலையில் அவர் வெற்றிலை போடும் நேரத்தில் பக்கத்தில் நின்று யார் என்ன சொன்னாலும் அதுவே அன்றைக்குச் சட்டம். "அப்படியே ஆகட்டும்" என்று முத்திரை மோதிரத்தை அழுத்திவிட்டு அடுத்த வெற்றிலைக்குக் கை நீட்டிவிடுவார். இது தெரிந்த பிறகு ஊரில் உள்ள தொழில் சங்கத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? விடிந்ததும் விடியாததுமாக அரண்மனை வாசலில் பழத்தட்டோடு வந்து நின்றார்கள்.

அந்தச் சபையில் விகடம் பேசுகிறவன் குழைக்காதன். ஊரைச் சிரிக்க வைக்கிறவனுக்கு அந்த வருஷம் சிரிப்பே வரவில்லை. அவன் தங்கை மரகதம் ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். ஐப்பசியில் அவளுக்குப் பிரசவம். மருத்துவச்சி இருப்பதோ இக்கரையில். வெள்ளம் வந்தால் படகுக்காரர்கள் படகை எடுக்க மாட்டார்கள். போன ஐப்பசியில் ஒருத்தி படகுக்குக் காத்திருந்து கரையிலேயே செத்துப்போனாள். குழைக்காதன் ஆடி மாசம் முழுக்கக் கெஞ்சிக் கூத்தாடி, "ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டுக" என்று ராஜாவிடம் ஓர் ஆணை வாங்கினான்.

வாங்கினானா, அவ்வளவுதான். மறுநாள் காலை படகுக்காரர் சங்கத் தலைவர் நல்லபெருமாள் மாம்பழக் கூடையோடு ஆஜர். "மகாராஜா, தண்ணீர் எங்கள் பாத்தியதை. பாலம் தண்ணீரின் மேல் போகலாகாது." அப்படியே ஆகட்டும்! அதற்கு மறுநாள் கரையோர மிராசுதார்கள். பாலத்தின் கால் எந்தக் கரையிலும் படக்கூடாதாம். அதுவும் ஆகட்டும்! கல் வியாபாரிகள் ஏறும் படி கல்லாக வேண்டும் என்றார்கள், மர வியாபாரிகள் இறங்கும் படி மரமாக வேண்டும் என்றார்கள். சுங்கக்காரர்கள் கடைசியில் வந்தாலும் பெரிதாகக் கேட்டார்கள்: பாலத்தின் நடுவில் கதவு போட்டு, பொழுது சாய்ந்ததும் பூட்டி, சாவியைத் தங்கள் தலைவரிடம் தர வேண்டும். குழைக்காதனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அட கடவுளே, இதற்குப் பேர் பாலமா?

அமைச்சர் வீழிநாதருக்குக் குழைக்காதனைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று ராஜாவின் காதருகே குனிந்தார். "மகாராஜா, பாலம் கேட்டவனே கட்டட்டும். நிபந்தனைகளில் ஒன்று மீறினாலும் அவனை நாடு கடத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு ராஜா வேட்டைக்குப் போய்விட்டார். குழைக்காதன் ஆள்களைக் கூட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான்.

பொழுது சாயும் நேரத்தில் ராஜா கொலைப்பசியோடு திரும்பினார். நெய் மணம் மூக்கைத் துளைக்க, சாப்பாட்டுக் கூடத்துக்கு விறுவிறுவென்று நடந்தார். போகிற நடைவழி ஒன்றுதான், அதுவும் குறுகல். அதை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை அடைத்துக்கொண்டு ஒரு பாலம் நின்றது! முக்கி முனகி உச்சிக்கு ஏறினால், அங்கே உத்தரம்வரைக்கும் ஒரு கதவு. கதவில் பூட்டு. அந்தப் பக்கம் சமையல்காரர்கள் தட்டும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றார்கள்.

"யாரடா இதை இங்கே கட்டியது?"

"அடியேன்தான். தண்ணீரின் மேல் கூடாது, கரையிலும் கூடாது என்றால் அரண்மனைக்குள்தானே கட்ட முடியும், மகாராஜா? ஒரு நிபந்தனைகூட மீறவில்லை. அமைச்சரே சரிபார்க்கலாம்."

அமைச்சர் கூரையைப் பார்த்தார்.

"சாவி எங்கே?"

"சுங்கத் தலைவர் இடுப்பில். அவர் மாமனார் ஊருக்குப் போயிருக்கிறார்."

"இடித்துத் தள்ளு!"

"தள்ளலாம். கல்லுக்குக் கல் சங்கத்தைக் கேட்க வேண்டும், மரத்துக்கு மரச் சங்கத்தை, கதவுக்கு..."

சொல்லி முடிக்கவில்லை, எங்கிருந்தோ நல்லபெருமாள் பழத்தட்டோடு வந்துவிட்டார். "கவலை வேண்டாம், மகாராஜா! பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்ட உத்தரவானால் தங்களைப் படகிலேயே சாப்பாட்டுக்கு அழைத்துப் போவோம். மழைக்காலத்தில் மட்டும் ஓடாது."

ராஜா அவரை முறைத்தார். பிறகு, பசி வயிற்றைக் கிள்ளினாலும், குபீரென்று சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "அக்கரைக்காரர்கள் இப்படித்தான் நிற்கிறார்களா, குழைக்காதா?"

"இப்படித்தான், மகாராஜா. சாப்பாட்டுக்கு இல்லை. மருத்துவச்சிக்கு."

ராஜா நிபந்தனைகள் அத்தனையையும் ரத்து செய்தார். கதவை உடைக்கச் சொன்னார். "என்ன பரிசு வேண்டும், கேள்!"

"பாலம் முடிந்து மழைக்காலம் போகும்வரை சபையும் தாங்கள் வெற்றிலை போடுவதும் அக்கரையில் நடக்கட்டும், மகாராஜா. மழை வந்தாலும் அங்கேதான்."

"கெட்டிக்காரப் பயல்!" என்று ராஜா மறுபடி சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

ராஜாவின் காது அக்கரைக்குப் போனதும் சங்கத்துக்காரர்களுக்கு என்ன அவசரம் வந்ததோ! கல்லும் மரமும் கேட்காமலே வந்து இறங்கின. ஐப்பசி வெள்ளம் வருவதற்குள் பாலம் எழுந்து நின்றுவிட்டது. படகெல்லாம் கட்டிக் கிடந்த ஒரு மழைநாள் காலையில் அதன்மேல் குடையும் தட்டுமாக முதல் ஆளாய் நடந்து போனவர் நல்லபெருமாள். பாலத்தை இடிக்க வேண்டும் என்று ராஜாவிடம் முறையிடத்தான்.

"கொஞ்சம் ஒதுங்குங்க ஐயா" என்று அவரைத் தள்ளிக்கொண்டு மருத்துவச்சி ஓடினாள்.