கீரி தேடிப்போன முப்பத்து நான்கு குட்டிகள்

கொடம்பாறைக் காட்டின் ஓரத்தில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை ஒன்று வந்தது. உடைந்த வெல்லக் கட்டிகளைத் தினமும் வேலிக்கு வெளியே கொட்டினார்கள். மூன்றே பருவத்தில் காட்டுக் குட்டிகள் பெருத்துவிட்டன. பன்றிக் குட்டிக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. முயல் குட்டிகள் இரண்டைச் செந்நாய்கள் துரத்தாமலே பிடித்துக்கொண்டு போயின.

குட்டிகளைத் தேற்ற இரண்டு வைத்தியசாலைகள் இருந்தன. பாறை உச்சியில் நடத்தியது கருங்குரங்கு. ஓடைக்கரையில் நடத்தியது ஈட்டியம்மாள் என்ற முள்ளம்பன்றி. மழை நெருங்கியது. நனையாத குகை ஒன்றுதான் உண்டு. அதை எந்த வைத்தியசாலைக்குக் கொடுப்பது என்று யானைத் தலைவி யோசித்தது.

குரங்கு ஆறு குட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆறும் ஒல்லி.

"பாருங்கள் தலைவி, என்னிடம் வருகிற குட்டிகள் எல்லாம் இளைத்துவிட்டன. குகை எனக்குத்தான்."

ஈட்டியம்மாள் பதினெட்டுக் குட்டிகளோடு வந்தது. ஒன்றுகூட ஒல்லி இல்லை. கூட்டம் சிரித்தது.

யானை கீரியைக் கூப்பிட்டது. "செவலை, நீ இருவருக்கும் வேண்டியவள் இல்லை. விசாரித்து வந்து சொல்."

கீரி நேரே குரங்கிடம் போனது. "அண்ணே, முதலில் எத்தனை குட்டிகள் வந்தன?"

"அது எதற்கு? இளைத்தவை கண்முன்னே நிற்கின்றனவே."

குரங்கு சொல்லாததைத் தாய்கள் சொல்லிவிட்டன. வந்தவை நாற்பது. அப்படியானால் முப்பத்து நான்கு எங்கே? கீரி புதர் புதராகத் தேடிப் போனது.

பன்றிக் குட்டி தாழம்புதருக்குள் ஒளிந்திருந்தது.

"ஏன் கண்ணு, பாறைக்குப் போவதை விட்டுவிட்டாய்?"

"கொடியில் கட்டித் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள், அத்தை. கொடி அறுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். குரங்கு மாமாவும்தான்." குட்டி சற்று நேரம் மண்ணைக் கிளறியது. "அன்றைக்குக் கொட்டகைக்குப் போய் வயிறு வலிக்கிற வரை தின்றேன்."

மற்றவையும் இப்படித்தான் சொல்லின. சிலவற்றை மூன்று நாள் பட்டினி போட்டிருந்தது குரங்கு. இளைத்த ஆறில் இரண்டுக்கு நிற்கவே தெம்பில்லை.

பிறகு கீரி ஓடைக்கரைக்கு வந்தது. "உங்கள் குட்டிகள் இளைக்கவில்லையே, அக்கா?"

"வளர்கிற பிள்ளைகள். எடை ஏறாமல் உயரம் ஏறினால் எனக்குப் போதும்" என்றது ஈட்டியம்மாள். "தாயும் கூட வரவேண்டும். வீட்டில் எல்லாரும் வெல்லத்தை விட்டுக் கிழங்குக்கு மாறவேண்டும். தினமும் தண்ணீரில் விளையாட்டு. அவ்வளவுதான் என் வைத்தியம்."

அங்கே முதலில் வந்தவை இருபது. நின்றுபோன இரண்டையும் கீரி விடவில்லை. ஓடை ரொம்பத் தூரம் என்றன அவற்றின் தாய்கள்.

கடைசியில், வந்தவை, நின்றவை எல்லாவற்றையும் கூட்டிப் புளியமரம் வரை ஓடச் சொன்னது கீரி. குரங்கிடம் வந்த நாற்பதில் ஓடி முடித்தவை நான்கு. ஓடைக்கு வந்த இருபதில் பதினாறு.

"ஆனால் தலைவி, ஈட்டியம்மாளிடமும் குறை இருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களை மறந்துவிட்டாள்" என்று யானையிடம் அதையும் சேர்த்தே சொன்னது கீரி.

ஈட்டியம்மாள் கோபப்படவில்லை. "இது எனக்குத் தெரியாமல் போயிற்றே. வாரத்தில் இரண்டு நாள் நானே அந்தப் பக்கம் போகிறேன்."

குகை ஈட்டியம்மாளுக்குக் கிடைத்தது. குரங்கு முணுமுணுத்தது. யானை அதன் பக்கம் திரும்பியது. "நீ அந்த முப்பத்து நான்கு குட்டிகளிடமும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வா. மற்றதைப் பிறகு பேசுவோம்" என்றது.

முதல் மழையன்று பன்றிக் குட்டி தாயோடு குகை வாசலில் தயங்கி நின்றது. ஈட்டியம்மாள் எடை பார்க்கவில்லை. "உள்ளே வா. கிழங்கு தோண்ட ஆள் குறைகிறது" என்றது. குட்டி உள்ளே போனது.

தேறி வந்தவர்களை மட்டும் பார்த்து ஒரு வைத்தியத்தை மெச்சாதே. பாதியில் விட்டுப் போனவர்களையும் தேடிக் கேட்ட பிறகே அதை நல்லது என்று சொல்.