தலைவரின் வலது கால் ஷூ

திருப்பூர் ஓட்டக்காரர் சங்கத் தலைவர் குணாளன், உறுப்பினர்கள் புடைசூழத் தானே கார் ஓட்டிவந்து இறங்கி ஷூக் கடைக்குள் நுழைந்தார்.

"தினம் பத்துக் கிலோமீட்டர் ஓடுற காலு! அளவெடுக்காம, போட்டுப் பார்க்காம என் ஓட்டத்துக்குத் தோதான ஷூவை எடு. தப்பினா உனக்கு இங்கே வேலை கிடையாது" என்றார் விற்பனைப் பெண் தெய்வானையிடம். கடை முதலாளியும் தலையாட்டினார்.

தெய்வானை அசரவில்லை. குணாளன் கழற்றிய பழைய ஷூக்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஓடுகிறவரின் ஓட்டத்தை அடிப்பாகத்தின் தேய்மானமே சொல்லிவிடும். இடது ஷூ வாங்கின மேனிக்கே இருந்தது. வலது ஷூவில் மட்டும் முன்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

ஒரே ஒரு வலது கால் ஷூவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னொண்ணு எங்கே?"

"ஆக்ஸிலேட்டர் மிதிக்க இது போதுங்க சார். கிளட்ச் இல்லாத கார்ல இடது காலுக்கு ஏதுங்க வேலை?"